உமாராணி டீச்சர் விட்டுவைக்கும் நாலு வரி

“டீ அங்கனயே இருக்கட்டும். முதல்ல இதக் கேட்டுருங்க.”

ஐஸ் கம்பெனி மரியானின் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உமாராணி டீச்சர் லாங் சைஸ் நோட்டைப் பிரிக்கிறார். ஆளைப் பார்த்ததுமே மரியானுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் கம்பெனியிலிருந்து வழியும் தண்ணீர் வேம்பார் சாலையில் பாசி பிடித்துக் கிடக்கிறது. போன வாரம் மட்டும் இரண்டு பேர் வண்டியோடு வழுக்கி விழுந்தார்கள். டீச்சர் அதை எழுதிவிட்டார். ஆனால் அச்சுக்குப் போவதற்கு முன்னால் மரியான் அதைக் கேட்டாக வேண்டும்.

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலிலேயே படிக்கிறார். ஏற்ற இறக்கம் கிடையாது. திட்டுகிற வரியும் தேதி சொல்கிற வரியும் அவர் வாயில் ஒன்றுபோலத்தான் வரும். நடுவில் இரண்டு தரம் மரியான் வாயைத் திறந்தார். டீச்சர் இடது கையை உயர்த்திக் காட்டிவிட்டு மேலே படித்தார். முடித்ததும் பேனா மூடியைக் கழற்றினார்.

“கடைசி நாலு வரி உங்களுக்கு. சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.”

“எழுத வேண்டாம்னு சொன்னா விட்ருவியளா டீச்சர்?”

“விட மாட்டேன். எழுத வேண்டாம்னு மரியான் அண்ணன் சொன்னாவன்னு போட்ருவேன். அதுல ஒரு வரி போயிரும். பாக்கி மூணு இருக்கு.”

மரியான் சிரித்துவிட்டார். குழாய் மாற்ற ஆள் சொல்லியிருப்பதாகவும், பத்து நாள் ஆகும் என்றும், பஞ்சாயத்து வாய்க்கால் அடைத்துக் கிடப்பதை ஒருத்தரும் ஏன் கேட்பதில்லை என்றும் சொல்லி மூன்று வரியையும் நிரப்பினார். டீச்சர் எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டிவிட்டு, அதன் பிறகுதான் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

பதினோரு வருடமாக வியாழக்கிழமைதோறும் இதுதான் நடக்கிறது. எங்கள் ஊரில் ஜெயகணேஷ் நடத்தும் ‘கரைச்சேதி’ என்ற வாரப் பத்திரிகை எட்டுப் பக்கம். அதில் நாலு பக்கம் திருமண வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும். மூன்றாம் பக்கத்தில் ‘நாலு வரி’ என்ற தலைப்பில் டீச்சரின் பத்தி வரும். யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவரிடம் நேரில் போய்ப் படித்துக் காட்டுவார். கடைசி நாலு வரி அவர் சொல்வதற்கு. “முகத்துக்கு நேரா படிக்க முடியாதத எழுதப்படாது சார்” என்பார். நாற்பது வரி பேசுகிறவர்களிடம், “நீங்களே வெட்டுங்க, நான் வெட்டுனா நல்லாருக்காது” என்று நோட்டை நீட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். சிலர் அரைமணி நேரம் தங்கள் பேச்சைத் தாங்களே வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் செல்வின். டீச்சர் வேலை பார்க்கும் பள்ளியில் கணக்கு வாத்தியார். டீச்சர் ஒன்பதுக்கும் பத்துக்கும் சமூக அறிவியல். வயது ஐம்பத்து நாலு. சொந்த ஊர் ஆத்தூர். அங்கிருந்து வாராவாரம் வெற்றிலை வரும், ஆனால் பள்ளிக்கூட மணி அடித்து வாசலைத் தாண்டிய பிறகுதான் வாயில் போடுவார். வெயிலோ மழையோ, ஸ்கூட்டரின் முன்னால் குடை ஒன்று சொருகியிருக்கும். அதைப் பிரித்து நான் பார்த்ததில்லை.

நாலு வரியில் வராத வாய் கிடையாது. காயல்பட்டினத்து வியாபாரி செய்கு அப்துல் காதிரின் லாரிகள் பஸ் நிறுத்தத்தை மறைத்து நிற்கின்றன என்று எழுதினார். கேட்டுவிட்டு அவர் சொன்னது: “நாளையிலிருந்து லாரி நிக்காது. ஆனா டீச்சரும் ஸ்கூட்டரை நடுரோட்டுலதான் நிறுத்துதாங்க.” அப்படியே வந்தது. ரேஷன் கடைக்காரர் ஒருவர், “இவளுக்கு வீட்ல வேலை ஒண்ணும் கெடையாதா?” என்றார். அதுவும் அப்படியே வந்தது. இரும்புக்கடை வைத்திருக்கும் டீச்சரின் கணவர் செந்தூர்வேலுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. “இவங்கன்னாவது மாத்தியிருக்கலாம்லா?” என்று கேட்டிருக்கிறார். “அவரு குடுக்காத மரியாதைய நானே எழுதி எனக்கு வாங்கிக்கிடவா?” என்று டீச்சர் திருப்பிக் கேட்டாராம்.

ஒரு குறை உண்டு. யாரிடமும் கையெழுத்து வாங்க மாட்டார். ஃபோனில் பதிவு செய்யவும் மாட்டார். ஜெயகணேஷ் தலைபாடாக அடித்துக்கொண்டார். “கையெழுத்துப் போடச் சொன்னா மனுசன் பேச்ச நிறுத்திட்டு யோசிக்க ஆரம்பிச்சிருவான். எனக்கு அவன் பேசுததுதான் வேணும்” என்று டீச்சர் மறுத்துவிட்டார். இது எங்கள் பக்கத்துப் பழக்கம்தான். இங்கே உப்பு வியாபாரமே வாய்ச்சொல்லில் நடக்கிறது. லாரி லாரியாக உப்பை ஃபோனில் பேசி அனுப்புவார்கள், ஒரு துண்டுச் சீட்டு கைமாறாது. பேசிய பேச்சிலிருந்து மாறியவனிடம் மறுநாள் யாரும் சரக்கு எடுக்க மாட்டார்கள். அந்த நம்பிக்கையை டீச்சர் பத்திரிகைக்கும் கொண்டுபோனார். அதுதான் அவரை இப்போது மாட்டிவைத்திருக்கிறது.

போன ஆண்டு அவர் வீரபாகு அண்ணாச்சியின் உப்பளத்தைப் பற்றி எழுதினார். வீரபாகு அண்ணாச்சி எங்கள் ஊரில் பெரிய அளத்துக்காரர். எங்கள் பள்ளியின் செயலரும் அவர்தான். அவருடைய அளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் உப்பு வாருகிறார்கள், சுமக்கிறார்கள். ஒரு கழிப்பறை கிடையாது. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வேலை பார்த்துப் பார்த்து, பாதிப் பேருக்குச் சிறுநீர்த் தாரையில் நோய். பதினெட்டு வருடமாக அங்கே உப்புச் சுமக்கும் பிச்சம்மாள் இதையெல்லாம் டீச்சரிடம் சொன்னார். “பேரு போடலாமா?” என்று டீச்சர் கேட்டபோது, “போடுங்க. பேரில்லாம சொன்னா யாரு நம்புவா?” என்றார். நூறு பேரில் பேர் கொடுத்தது அவர் ஒருத்திதான்.

எழுதியதை எடுத்துக்கொண்டு டீச்சர் அண்ணாச்சியின் அலுவலகத்துக்குப் போனார். அண்ணாச்சி முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி எழுத வைத்தார். அச்சில் வந்தது இது:

“என் அளத்துல பொம்பளைகளுக்குக் கக்கூஸ் தேவையில்ல. மறைவுக்கு இல்லாம சுத்தி உடைமரம் எதுக்கு நிக்கி? எங்க ஆத்தாளும் உப்புச் செமந்தவதான், அவ ஒருநாளும் கேட்டதில்ல. கேக்கத் தெரிஞ்சவளுக்கு என் அளத்துல வேலையும் இல்ல.”

இதைச் சொன்னதற்காக அண்ணாச்சி வெட்கப்படவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பெருமைப்பட்டார். தான் அடித்துப் பேசிவிட்டதாக நினைத்தார். இருபத்தைந்து பிரதி வாங்கித் தன் அலுவலகத்துக்கு வந்து போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பள்ளி ஆசிரியர் அறைக்கு ஐந்து பிரதி அனுப்பினார். பியூன் கொண்டுவந்து வைத்துவிட்டு, “செயலர் படிக்கச் சொன்னாவ” என்றார். நாங்கள் எல்லோரும் படித்தோம். இது பின்னால் வருவதற்குத் தேவைப்படும்.

அடுத்த வாரம் அந்த நாலு வரியை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அண்ணாச்சியின் படத்தை உடைமரத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, பாட்டுப் போட்டு வீடியோவாக்கினார்கள். பெரியதாழையிலிருந்து வேம்பார் வரைக்கும் கடற்கரை முழுக்க அது சுற்றியது. அவருடைய சொந்தப் பேத்தி ஹாஸ்டலிலிருந்து ஃபோன் செய்து அழுததாகக் கேள்வி. அப்போதுதான் தான் சொன்னது என்ன என்பது அண்ணாச்சிக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அவர் செய்த முதல் காரியம் பிச்சம்மாளை வேலையை விட்டு நிறுத்தியது.

அளத்துப் பெண்கள் சங்கம் பஸ் நிலையத்தின் அருகே கூட்டம் போட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை, அண்ணாச்சியே காரில் வந்து இறங்கி, தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று மேடை ஏறினார். ஊளையிட்டார்கள். ஒருவன் அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான். கூட்டத்தின் நடுவிலிருந்து உமாராணி டீச்சர் எழுந்துபோனார்.

“ஏலே, மைக்க அவருட்ட குடு.”

“டீச்சர், நீங்க யாரு பக்கம்?”

“நான் மைக் பக்கம்லே. குடு அத.”

கொடுத்தான். அண்ணாச்சி பத்து நிமிடம் பேசினார். பேசியதில் ஒன்றும் உருப்படி இல்லை, பழைய கதைதான். ஆனால் பேசி முடித்தார். அண்ணாச்சி இறங்கியதும் பிச்சம்மாள் டீச்சரை வழிமறித்தார். “எனக்கு வேல போச்சு, அவருக்கு மைக்கா? இதுக்கா டீச்சர் நான் பேரு குடுத்தேன்?” டீச்சர், “அவரு வாய நாம அடைச்சா, நாளைக்கு உன் வாய அவரு அடைக்கும்போது என்னத்தச் சொல்லித் தடுக்க?” என்றார். “ஏற்கெனவே அடைச்சிட்டாருல்லா” என்றார் பிச்சம்மாள். ஒரு மாதம் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. டீச்சர் செய்தது சரிதானா என்று எனக்கு அன்று நிச்சயமில்லை. பிச்சம்மாளின் கோபத்தில் எந்தத் தப்பும் எனக்குத் தெரியவில்லை.

தொழிலாளர் துறையிலிருந்து அண்ணாச்சிக்கு நோட்டீஸ் வந்தது. கழிப்பறை இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டு பத்திரிகையில் சொல்லியிருப்பதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கழிப்பறை கட்டினால் ஒரு வாரத்தில் தீர்கிற காரியம். அண்ணாச்சி வேறு வழியைப் பார்த்தார். உமாராணி டீச்சருக்குப் பள்ளியிலிருந்து ஒரு மெமோ போயிற்று.

மெமோவில் இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, செயலர் சொல்லாததைச் சொன்னதாக எழுதி அவதூறு செய்தது. இரண்டு, நிர்வாகத்தின் அனுமதி வாங்காமல் பத்திரிகையில் எழுதியது. இரண்டாவதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பதினோரு வருடம் எழுதும்போது இவர்கள் எங்கே இருந்தார்கள்? பள்ளி வாசலில் வேகத்தடை வந்தது டீச்சர் எழுதித்தான். அந்தப் பத்தியைத் தலைமையாசிரியர் அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. மெமோ அந்தச் சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் தட்டச்சு செய்யப்பட்டது.

மெமோவோடு ஒரு கடிதமும் தயாராக வந்தது. ‘வெளிவந்த கடைசி நான்கு வரிகள் என்னுடைய சொந்தக் கற்பனை. செயலர் அவ்வாறு கூறவில்லை. இனி எந்தப் பத்திரிகையிலும் எழுத மாட்டேன்.’ கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் மெமோவைக் கிழித்துவிடுவார்களாம். போடாவிட்டால் வேலை போகும். முப்பது வருட சர்வீஸ், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச வருடம்தான் இருக்கிறது. புகார் கொடுத்தவர் அண்ணாச்சி. மெமோ கொடுத்த செயலரும் அண்ணாச்சி. விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டவர் அண்ணாச்சியின் அளத்துக் குத்தகை வழக்குகளைப் பார்க்கிற வக்கீல். இதை நியாயம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் தினமும் பிரேயரில் நின்றோம்.

நின்றதோடு விட்டோமா? ‘உமாராணி ஆசிரியையின் எழுத்தால் பள்ளிக்கு அவப்பெயர்’ என்று ஒரு மனு சுற்றுக்கு வந்தது. பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். அண்ணாச்சி அனுப்பிய ஐந்து பிரதிகளையும் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த அதே பதினான்கு பேர். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. என் மனைவி எமில்டா கதவைத் திறந்தாள். “செல்வின் சார் இருக்காவளா?” உள்ளே வந்து உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, வருகைப் பதிவுக் குரலில் படித்தார். மனுவைப் பற்றித்தான். ‘மூன்றாவது கையெழுத்து கணக்கு ஆசிரியர் செல்வினுடையது. அண்ணாச்சி அனுப்பிய பிரதியைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் முதலில் சிரித்தவரும் அவர்தான்.’ நான் சிரித்தது உண்மை.

“கடைசி நாலு வரி உங்களுக்கு சார்.”

“டீச்சர், எனக்கு இன்னும் ஏழு வருசம் சர்வீஸ் இருக்கு.”

“அத எழுதட்டுமா?”

“வேண்டாம் டீச்சர்.”

காத்திருந்தார். எமில்டா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் டீச்சர், “சரி சார், வெறுமன விட்டுருதேன். இடம் உங்களுக்கு உள்ளதுதான்” என்று எழுந்தார். அந்த வாரம் கரைச்சேதியில் என் பெயருக்குக் கீழே நாலு வரி வெறும் புள்ளியாக வந்தது. எமில்டா அதைப் படித்துவிட்டு, “நாலு வரி பேச வாயில்லாத மனுசனுக்காக்கும் நான் வாக்கப்பட்டிருக்கேன்?” என்றாள். இருபது வருடத்தில் அவள் என்னை அப்படிப் பேசியதில்லை. நான் வாங்க வேண்டியதைத்தான் வாங்கினேன்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் பிச்சம்மாள் டீச்சரின் வீட்டுக்கு வந்தார். இப்போது வேறோர் அளத்தில் வேலை, பஸ் பிடித்துப் போக வேண்டும். கோபம் முழுக்கத் தீரவில்லை. வாசலில் நின்றபடியே பேசியதாகச் செந்தூர்வேல் சொன்னார்.

“டீச்சர், உங்க வேல உங்களுக்குப் பெருசு. நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. ஆனா அந்த நாலு வரி பொய்யின்னு நீங்க கையெழுத்துப் போட்டுட்டியன்னா, மேல நான் சொன்னதும் பொய்யாயிரும். அவரு என்னத் தொரத்துனதும் நடக்காத கதையாயிரும். அத மட்டும் நெனச்சுக்கிடுங்க.”

“உள்ள வா பிச்சம்மா. காப்பி குடி.”

“பஸ்ஸு போயிரும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினோரு வருடத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் அந்தக் கடைசி வரிகளில் பேசியிருக்கிறார்கள். டீச்சர் ஒரு கையெழுத்துப் போட்டால் அத்தனை பேர் பேசியதும் டீச்சரின் கற்பனை ஆகிவிடும். நாளை மரியான் சொல்லலாம், நான் குழாய் மாற்றுவதாகச் சொல்லவே இல்லை என்று. அண்ணாச்சி கேட்டது ஒரு மன்னிப்புக் கடிதம் போலத் தெரியும். உண்மையில் அவர் கேட்டது ஒரு ஊரின் மொத்தப் பேச்சையும் அழித்துத் தரச் சொல்லித்தான்.

இந்தக் கட்டுரையையும் டீச்சரிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு உரிய நாலு வரியைக் கேட்டேன். சொன்னார்: “ஸ்கூட்டர நான் ஓரமாத்தான் நிறுத்துவேன். வெத்தல விசயம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்னா நீங்க கேக்கவா போறிய. பிச்சம்மாவ விட என்னப் பெருசா எழுதாதிய. அண்ணாச்சியப் பத்தி எழுதுனத அவருட்டயும் போய்ப் படிச்சுக் காட்டுங்க.” போனேன். ஒரு தரமல்ல, இரண்டு தரம். இரண்டு தரமும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு உரிய இடம் காலியாகத்தான் இருக்கிறது.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாத டீச்சர் இப்போது தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறார். நாலு மாதம் ஆகிறது. வியாழக்கிழமை மட்டும் மாறவில்லை. அனுமதியில்லாமல் ஊரை விட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவில் இருக்கிறது. “ஊருக்குள்ளயே எழுத வேண்டியது அம்புட்டு கெடக்கு” என்கிறார். அந்த உத்தரவின் மற்றொரு வரிதான் என்னை இதை எழுத வைத்தது. ‘விசாரணைக்கு ஒத்துழைக்காமலும், விசாரணை அறையின் ஒழுங்கைக் குலைக்கும் விதமாகவும் நடந்துகொண்டார்.’

நான் அந்த அறையில் இருந்தேன். என்ன ஒழுங்கு எப்படிக் குலைந்தது என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை, தலைமையாசிரியர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் வக்கீலும் அண்ணாச்சியும். ஓரத்தில் தலைமையாசிரியர். இந்தப் பக்கம் டீச்சர் தனியாக. என்னை நிர்வாகத் தரப்புச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். மனுவில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே என்று வக்கீல் கேட்டார். “என் கையெழுத்துதான். போட்டது தப்பு. அந்தப் பத்திரிகைய அண்ணாச்சிதான் எங்களுக்கு அனுப்பி வச்சாவ” என்றேன். வக்கீல், “கையெழுத்து உங்களுது, அது போதும். மத்தது பதிவுக்குத் தேவையில்ல” என்று சொல்லி முதல் இரண்டு சொல்லை மட்டும் எழுதிக்கொண்டார். அத்தோடு என் வேலை முடிந்தது. வெளியே போகச் சொன்னார்கள். நான் போகவில்லை, சுவரோரமாக நின்றேன்.

வக்கீல் கடிதத்தை டீச்சர் முன்னால் தள்ளிப் பேனாவை மேலே வைத்தார்.

“போட மாட்டேன் சார். நான் எழுதுனது அண்ணாச்சி சொன்னது.”

“சொன்னதுக்கு ஆதாரம் இருக்கா? கையெழுத்து? ரெக்கார்டு?”

“இல்ல.”

“அப்போ அண்ணாச்சி அப்படிச் சொல்லல.”

“அத அண்ணாச்சி சொல்லட்டும்.”

“அவர் பேச வேண்டியதில்லம்மா. அவருக்காக நான் பேசுதேன்.”

“ஏன் சார், அவருக்கு வாயில்லையா?” டீச்சரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “ஊருக்கே வாயால உப்பு விக்கிறவரு. அவரு வாய நீங்க எதுக்கு அடைக்கிய? நான் சொல்லலன்னு அவரே என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டாவன்னா, இந்தக் கடுதாசில நான் இப்பவே கையெழுத்துப் போடுதேன்.”

வேலை, பென்ஷன், பதினோரு வருட எழுத்து, பிச்சம்மாளின் பேர் எல்லாவற்றையும் தூக்கி எதிராளியின் நாக்கில் வைத்துவிட்டாரே என்று பதறினேன். வக்கீல் முகத்தில் சிரிப்பு வந்தது. அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்தது.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். டீச்சரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி டீச்சரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். “எங்க ஆத்தா…” என்று தொடங்கியதுபோல் இருந்தது. வக்கீல் சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தி, “அண்ணாச்சி, வேற ஒண்ணும் பேசாதீங்க. சொல்லலன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். அண்ணாச்சியின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை. தலைக்கு மேலே அந்த அறையின் பழைய மின்விசிறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சர் எழுந்தார். கதவோரமாகப் போய் விசிறியின் சுவிட்சை அணைத்தார். திரும்பி வந்து, நாற்காலியை அண்ணாச்சிக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதை மறைத்துக் கிடந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்.